அடர்த்தியான அறுபத்து மூவர்

ஆய்வேட்டுக்கு அட்டை போடும் கடைக்காரர் மட்டும் நீளமான படம் கேட்காமல் இருந்திருந்தால், அவள் அந்த மாதக் கடைசியிலேயே டாக்டர் ஆகியிருப்பாள். உலகமும் ஒரு பொய்யோடு சௌக்கியமாக இருந்திருக்கும்.

"முன் அட்டை, முதுகு, பின் அட்டை மூணையும் ஒரே படமா சுத்தி ஒட்டிடலாம் மேடம். பாக்க ராயலா இருக்கும். ஆனா நீங்க குடுத்தது தட்டு மாதிரி வட்டமா இருக்கே. நீட்டமா ஒண்ணு குடுங்க."

தட்டு என்று அவர் சொன்னது ஒரு ராட்சசனை. கறுப்புப் பின்னணியில் நடுவிலிருந்து நாலா பக்கமும் மஞ்சள் கோடுகள் தெறிக்கும் படம். ஒவ்வொரு கோடும் ஒரு துகள் ஓடிய தடம். பத்திரிகையில் வந்தது அதுதான். அம்மா சட்டம் போட்டு மாட்டியிருப்பதும் அதுதான், ஓரத்தில் அவள் முகத்தோடு.

ராட்சசன் எப்படிப் பிறக்கிறான் என்பதைச் சொல்லிவிடலாம், பெரிய விஷயம் இல்லை. தங்க அணுக்களின் தோலை உரித்து, ஒளிக்கு அண்ணன் தம்பி என்று சொல்லத்தக்க வேகத்தில் ஒரு குழாய்க்குள் ஓடவிடுவார்கள். அதற்குக் கற்றை என்று பெயர். குழாயின் முடிவில் முடியை விட மெல்லிய ஐந்து தங்கத் தகடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும். ஓடிவரும் அணுக்கருவும் தகட்டில் நிற்கும் அணுக்கருவும் இடித்துக்கொண்டு நசுங்கும். அந்த நசுங்கலில், செத்துப்போன நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிற மாதிரியான அடர்த்தி ஒரு நொடியின் நினைத்துப் பார்க்க முடியாத சிறு துணுக்குக்கு இருந்துவிட்டுப் போகும். நட்சத்திரத்துக்குள் போய் யார் பார்ப்பது? அதனால் இங்கே நசுக்கி, தெறிப்பதை எண்ணுகிறார்கள். ஓரமாக உரசினால் பத்து இருபது துகள் தெறிக்கும். மண்டையோடு மண்டை மோதினால் இருநூறு.

ராட்சசன் என்றால் முந்நூறு. நாலு கோடி மோதலில் அறுபத்து மூன்று ராட்சசர்கள். ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்கு அறுபத்து மூவர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர்களைக் கண்டெடுத்தவள் அவள். அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே அவர்கள்தான். நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

கடைக்குத் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டு ஆய்வுக்கூடம் வந்தாள். நீளமான படம்தானே வேண்டும், ராட்சசனைப் பக்கவாட்டில் திருப்பினால் போயிற்று. அதுவரை எல்லோரும் கற்றை வரும் திசையிலிருந்துதான் பார்த்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால்தான் பூ மாதிரி இருக்கும். பத்திரிகைக்காரர்களுக்குப் பூ பிடிக்கும்.

அவள் திருப்பினாள். விளக்குமாற்றை நுனியிலிருந்து பார்க்காமல் படுக்கவைத்துப் பார்க்கிற மாதிரி, ஒரு பிடியிலிருந்து விரிந்த கோடுகள் வரவேண்டும்.

இரண்டு விளக்குமாறு இருந்தது.

மூன்றில் ஒரு பங்குக் கோடுகள் இரண்டாம் தகட்டிலிருந்து கிளம்பின. மீதி நான்காம் தகட்டுக்குச் சொந்தம். முந்நூறு பேர் வந்த கல்யாண ஊர்வலம் என்று நினைத்துப் பார்த்தால், இரண்டு வீட்டு ஊர்வலம் ஒரே தெருவில் கலந்துவிட்டது. கணினிக்கு இரண்டு வீடு இருக்கலாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது இரண்டையும் கூட்டி, சராசரி எடுத்து, மோதல் நடந்த இடம் இதுதான் என்று ஒரு புள்ளி வைத்திருந்தது. அந்தப் புள்ளி மூன்றாம் தகட்டைத் தாண்டி முக்கால் சென்டிமீட்டரில் இருந்தது. அங்கே தங்கம் கிடையாது. தகரம் கிடையாது. ஒன்றுமே கிடையாது. உலகத்திலேயே அடர்த்தியான பொருள், சுத்தமான வெற்றிடத்தில் பிறந்திருந்தது.

மற்ற அறுபத்திரண்டையும் திருப்பினாள். ஐம்பது பேருக்கு இரண்டு தலை. பதின்மூன்று பேருக்குத்தான் ஒரே தகடு.

அடுத்து நேரத்தைப் பார்த்தாள். எட்டு மாதம் உழைத்தவள் அதுவரை நேரத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. அறுபத்து மூவரும் ஒரே நாளில், ஒரே பிற்பகலில், நாற்பது நிமிடத்துக்குள் பிறந்திருந்தார்கள். பணிக்குறிப்பேட்டைத் திறந்தாள். கற்றை ஓடும்போது யார் பணியில் இருந்தாலும் நடந்ததை நடந்தபடி அதில் எழுத வேண்டும். எழுதினால் அழிக்க முடியாது. எழுதிய மறுநொடி குழுவின் நூற்று நாற்பது பேருக்கும் அஞ்சலில் போய்விடும். அப்படிப் போவதாலேயே யாரும் படிப்பதில்லை.

அந்தப் பிற்பகலின் குறிப்பு இது: "அமைச்சர் வருகை. திரையில் மோதல்கள் மெதுவாக வருவதாகக் குழுத்தலைவர் கருத்து. அவர் சொற்படி கற்றை மும்மடங்கு கூட்டப்பட்டது. நாற்பது நிமிடம். அமைச்சருக்கு மகிழ்ச்சி."

எழுதியவள் அவள்தான். அன்று அவள்தான் பணியில். கற்றையை மும்மடங்கு கூட்டினால், ஒரு மோதல் முடிவதற்குள் அடுத்தது வந்து அதன் முதுகில் ஏறும். இரண்டு சுமாரான மோதல்கள் ஒட்டிக்கொண்டு ஒரு ராட்சசனாகும்.

இன்னொரு இடமும் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே போகப் பிடிக்காமல் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளே எழுதிய நிரலில் ஒரு வடிகட்டி உண்டு. மோதல் புள்ளி தகட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். இந்த வடிகட்டி ஒழுங்காக இருந்திருந்தால் வெற்றிடத்தில் பிறந்தவன் உள்ளே நுழைந்திருக்கவே மாட்டான். இப்போது அங்கே ஒரு சென்டிமீட்டர் என்று இருந்தது. பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: "நல்ல மோதல்கள் வீணாவதாகத் தலைவர் சொன்னதால் தளர்த்தியது. தற்காலிகம்."

தற்காலிகத்துக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

*

குழுத்தலைவருக்கு அடர்த்தி என்று பட்டப்பெயர். தலையில் ஒற்றை மயிர் கிடையாது. அதனால் வந்ததா, மூன்று வார்த்தைக்கு ஒரு தரம் அந்தச் சொல்லைச் சொல்வதால் வந்ததா என்பதில் இரண்டு கட்சி உண்டு. அவர் அறையில் அவருக்கு இடப்பக்கம் எப்போதும் ஆமாஞ்சாமி இருப்பான். அவனும் டாக்டர் பட்டம் வாங்கியவன், அவளுக்கு ஆறு வருடம் மூத்தவன். அந்த ஆறு வருடத்தில் அவன் இல்லை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"உக்காரும்மா," என்றார் அடர்த்தி.

"நிக்கறேன் சார்."

"நிக்கறதுலேயே தெரியுது. சண்டைக்காரின்னு சும்மாவா பேரு வெச்சாங்க?"

"ஆமா சார்," என்றான் ஆமாஞ்சாமி.

படத்தை மேசையில் வைத்தாள். அவர் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"இதை எதுக்குப் பக்கவாட்டுல பாத்த?"

"அட்டைக்கு சார். கடைக்காரர் நீட்டமா கேட்டாரு."

"அட்டை ஒட்டறவன் கேட்டான்னு யாராவது இயற்பியல் பண்ணுவாங்களா?"

"அமைச்சர் கேட்டாருன்னு பண்ணோமே சார்."

ஆமாஞ்சாமி வழக்கமான வார்த்தைக்கு வாயைத் திறந்து, எந்தப் பக்கத்துக்குச் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டான்.

"அமைச்சரை இதுல இழுக்காத. எத்தனை பேருக்கு இப்படி ரெட்டைத் தலை?"

"அம்பது."

"அப்ப பதிமூணு பேரு நல்லவங்க!" அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி வெளிச்சம். "பதிமூணு போதும்மா. உலகத்துல யார்கிட்ட பதிமூணு இருக்கு?"

"பதிமூணு வலுவான எண் சார்," என்றான் ஆமாஞ்சாமி.

"சார், அஞ்சு தகடு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கல்லு எறிஞ்சா, அஞ்சுல ஒரு தடவை ரெண்டும் ஒரே தகட்டுல விழும். அறுபத்து மூணுல அஞ்சுல ஒண்ணு எவ்வளவு?"

ஆமாஞ்சாமி அனிச்சையாக, "பன்னெண்டரை," என்றான். பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது.

"அந்தப் பதிமூணும் ரெட்டைதான். ரெண்டும் ஒரே வீட்டுல விழுந்ததால தெரியல."

அடர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் அன்பு காட்டப் போகிறார் என்று அர்த்தம், சம்பந்தப்பட்டவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

"உன் பதிவுக்குக் கெடு எப்போ?"

"மூணு வாரம்."

"ஏழு வருஷம் முடியுது. தாண்டினா பதிவே போயிடும். உங்க வீட்ல நீதான முதல் பட்டதாரி? அம்மா ஆஸ்பத்திரி லாண்டரிலதான வேலை?" எல்லா விழாவிலும் அவளை அறிமுகப்படுத்தும்போது அவர் சொல்லும் வரி அது. மேடையில் அது அவருடைய பெருந்தன்மைக்கு ஆதாரம். "ஆராய்ச்சிப் பேப்பர்ல முதல் பேரு உன்னுது. அச்சுக்குப் போக உன் ஒப்புதல் கையெழுத்து வேணும். உன் ஆய்வேட்டுக்கு என் கையெழுத்து வேணும். நீ அதுல போடு, நான் இதுல போடறேன். ஒரே நாள்ல ரெண்டு வேலையும் முடிஞ்சிடும். சந்தேகத்தையெல்லாம் அடிக்குறிப்புல போட்டுக்கலாம்."

"அடிக்குறிப்புல என்னன்னு போடறது சார்? மேல சொன்னது எதுவும் நடக்கலன்னா?"

"போயி யோசி," என்றார் அவர், குரலை மறுபடி உயர்த்தி.

பேப்பர் இன்னும் அச்சேறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குள் செய்தியாளர் கூட்டம் நடந்து, படம் வந்து, அமைச்சர் வாழ்த்தி, கட்டடத்தின் வரவேற்பறையில் ராட்சசனின் ஆளுயரப் படமும் வைத்தாயிற்று. நிரூபிப்பது ஒன்றுதான் பாக்கி.

*

வீட்டில் அம்மா காலை வெந்நீரில் வைத்திருந்தாள். நாள் முழுக்க ஈரத்தரையில் நிற்கிற கால். சுவரில், சட்டத்துக்குள், ராட்சசனும் மகளும். கீழே கொட்டை எழுத்தில்: "இதை ஒரு தேக்கரண்டி எடுத்தால் ஒரு மலையின் எடை!" செய்தி வந்த அன்று அம்மா முதலில் கேட்டது, அதை எந்தக் கரண்டியால் எடுப்பார்கள், கரண்டி தாங்குமா என்பதுதான். பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

அக்காவும் வந்திருந்தாள். செருப்புக் கடையில் வேலை பார்க்கும் அவள், வருகிற வாடிக்கையாளர்களின் காலைப் பிடித்துக்கொண்டே தங்கையின் சாதனையைச் சொல்லி முடித்துவிடுவாள். கால் அவள் கையில் இருப்பதால் யாரும் பாதியில் எழுந்துபோக முடியாது.

"ஏண்டி மூஞ்சி தொங்குது? டாக்டரம்மா ஆகப்போற நேரத்துல?"

அவள் சொன்னாள். தகடு, கற்றை, அமைச்சர், இரட்டை, கையெழுத்து, எல்லாம். சொல்லி முடிக்கும்போது கோபத்தில் அழுகை வந்தது. அழுகை வந்ததால் இன்னும் கோபம் வந்தது.

அம்மா வெந்நீரில் காலை மாற்றி வைத்தாள்.

"பாப்பா, ரெண்டு போர்வை ஈரத்துல ஒட்டிக்கிட்டு ஒண்ணா வரும். எடுத்தா கனமா இருக்கும். அது மாதிரியா?"

"அதேதாம்மா."

"அப்படி வந்தா எங்க சூப்பர்வைசரம்மா காது கிழியத் திட்டுவா. உங்க சூப்பர்வைசரு பேப்பர்ல போட்டுட்டாரா?"

அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு கேட்டாள். "சரி, சொல்லாம விட்டா யாருக்குடி தெரியும்? நட்சத்திரத்துக்குள்ள போயி யார் அளந்து பாக்கப் போறா? கையெழுத்தப் போட்டுட்டுப் பட்டத்த வாங்கு. அப்புறமா உண்மை பேசு. டாக்டர் பேசினா ஊரு கேக்கும். இப்ப நீ பேசினா யாரு கேப்பா?"

அக்கா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல். ஏழு வருடம். விடுதி அறையில் மூன்று பேருக்கு ஒரு மேசை. ஆங்கிலம் சரியாக வராமல் முதல் கருத்தரங்கில் நின்றபோது பின் வரிசையில் கேட்ட சிரிப்பு. "பெற்றோர் கல்வி" என்ற கட்டத்தில் போட்ட கோடுகள். எல்லாவற்றுக்கும் கிடைக்கப்போகிற ஒற்றைச் சொல் அந்த டாக்டர். அதை வைத்துக்கொள்ள அவள் செய்ய வேண்டியது, ஒரு காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பாமல் இருப்பது.

"நீ என்னம்மா சொல்ற?"

"எனக்கென்னடி தெரியும் உங்க வேலை? தூக்கம் வர்ற மாதிரி ஏதாவது செய்," என்றாள் அம்மா. காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

*

அந்த வாரம் வியாழன் பிற்பகல் அவளுக்குப் பணி. கற்றை ஒழுங்காக ஓடியது. திரையில் சுமாரான மோதல்கள் சுமாரான வேகத்தில் வந்துகொண்டிருந்தன. பணிக்குறிப்பேட்டைத் திறந்தாள். முதலில் ஒரு பக்கம் கோபமாக எழுதினாள். படித்துப் பார்த்தாள். கோபத்தை எல்லாம் வெட்டியெறிந்த பிறகு மிஞ்சியது இவ்வளவுதான்:

"பிற்பகல் 3.10. கற்றை சீர். தகடுகள் சீர். சென்ற ஆண்டு அமைச்சர் வருகையின்போது குழுத்தலைவர் சொற்படி கற்றையை மும்மடங்கு கூட்டினேன். அறுபத்து மூன்று நிகழ்வுகளும் அந்த நாற்பது நிமிடத்தவை. ஒவ்வொன்றும் இரண்டு மோதல். வடிகட்டியைத் தளர்த்தியதும் நானே. படங்கள் இணைப்பில், பக்கவாட்டில் பார்க்கவும். இதுவரை யாரும் காணாத அடர்த்தியான பொருளை நாங்களும் காணவில்லை. பேப்பருக்கு என் ஒப்புதலைத் தர மாட்டேன்."

பதிவுப் பொத்தானை அழுத்தினாள். நூற்று நாற்பது அஞ்சல் பெட்டிகளில் மணி அடித்திருக்கும்.

முதல் பதில் ஐந்தே நிமிடத்தில் வந்தது. "என்னை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கவும்."

இரண்டாவது, கேன்டீன் மேசையில் யாரோ மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டுப் போயிருப்பதாக.

மூன்றாவது பதில் கொஞ்சம் தாமதித்து வந்தது. வேறு நாட்டிலிருந்த ஒரு முதிய பேராசிரியை, படங்களைப் பார்த்ததாகவும், தன் மாணவனை விட்டு அதே கணக்கைப் போட்டுப் பார்த்ததாகவும், இரட்டைதான் என்றும், எழுதியவரின் நேர்மைக்கு வணக்கம் என்றும் எழுதியிருந்தார். அதற்கப்புறம் மடை திறந்தது. மறுநாள் மாலைக்குள் முப்பத்தொன்பது பேர், தங்களுக்கும் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாக எழுதிவிட்டார்கள். அத்தனை சந்தேகமும் இவ்வளவு நாள் எந்த அலமாரியில் பூட்டியிருந்தது என்று யாரும் எழுதவில்லை.

அடர்த்தி மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நடைபாதையில் அவளைப் பார்த்தால், ஒரு தூணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். ஆய்வேடு அவர் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. பதிவு அலுவலகத்துக்குப் போய், தலைவர் கையெழுத்து இல்லாமல் சமர்ப்பிக்க வழி உண்டா என்று கேட்டாள். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "தலைவர் இறந்துபோயிருந்தா ஒரு படிவம் இருக்கு," என்றார். "இறந்துட்டாரா?"

"இல்லைங்க."

"அப்ப படிவம் இல்லை."

நான்காம் நாள் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. குழுத்தலைவரின் தொலைநோக்கு மிக்க வழிகாட்டுதலில், இரட்டை மோதல்களைப் பக்கவாட்டுப் பார்வையில் இனங்காணும் புதிய முறை ஒன்று உருவாக்கப்பட்டிருப்பதாகவும், உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் இதனால் பயன்பெறும் என்றும், பழைய பேப்பர் திரும்பப் பெறப்பட்டுப் புதிய பேப்பர் எழுதப்படுகிறது என்றும் அதில் இருந்தது. வரவேற்பறையில் ராட்சசனின் ஆளுயரப் படத்தை எடுத்துவிட்டு, அதே சட்டத்தில் இரண்டு விளக்குமாறுகளை மாட்டினார்கள்.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாத்தியாம்மா, தப்புலேருந்து ஒரு கண்டுபிடிப்ப எடுத்துட்டோம். இதான் அறிவியல்."

"ஆமா சார்," என்றான் ஆமாஞ்சாமி. அவன் அவ்வளவு நிம்மதியாக அந்த வார்த்தையைச் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"உன் நாலாம் அத்தியாயத்த மாத்து. ராட்சசன்னு இருக்கற இடத்துல ரெட்டைன்னு போடு. இந்த முறை யார் வழிகாட்டுதல்ல வந்ததுன்னு நன்றியுரைல ஒரு வரி. தெளிவா இருக்கணும். எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

வாசல்வரை போனவள் நின்றாள். கத்திவிட்டுப் போகலாம். ஏழு வருடத்தையும் அந்த மேசையில் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் போகலாம். அதைச் செய்தால் அவருக்குச் சண்டைக்காரி என்று சொல்ல ஒரு கதை கிடைக்கும், அவ்வளவுதான். உண்மை ஏற்கெனவே நூற்று நாற்பது பெட்டியில் இருக்கிறது, அழிக்க முடியாத குறிப்பேட்டில் அவள் பேரோடு இருக்கிறது. இனி அவள் கேட்பது அவளுக்குச் சேர வேண்டிய ஒரு சொல்லைத்தான்.

பத்து நாள் இருந்து அத்தியாயத்தை மாற்றி எழுதினாள். முன்பைவிட மெலிந்திருந்தது. ஒவ்வொரு எண்ணும் தகட்டின் மேலேயே நின்றது. கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நன்றியுரையோடு போனாள். அடர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வரியைத் தேடினார். இருந்தது:

"அமைச்சர் வருகையின்போது கற்றையை மும்மடங்கு கூட்டச் சொன்ன குழுத்தலைவருக்கு என் முதல் நன்றி. வடிகட்டியைத் தளர்த்தச் சொன்னவரும் அவரே. அவர் இல்லையேல் இந்த அறுபத்து மூன்று இரட்டைகளில் ஒன்றுகூடப் பிறந்திருக்காது."

அவர் இரண்டு தரம் படித்தார். ஆமாஞ்சாமி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். அவன் முகத்தில் ஏதோ ஓடியது. அடர்த்தி அவனை நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டார்.

ஆமாஞ்சாமி அவளைப் பார்த்தான். ஒரு கணம்தான்.

"ஆமா சார்," என்றான்.

அடர்த்தி கையெழுத்துப் போட்டார்.

அட்டைக் கடைக்காரருக்கு நீளமான படம் கிடைத்தது. "இது சூப்பர் மேடம். ரெட்டை வாணம் மாதிரி இருக்கு," என்றார்.

வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோனாள். அம்மா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள், போர்வையை எடை பார்க்கிற மாதிரி. பிறகு சுவரில் இருந்த சட்டத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப அதுல போட்டிருக்கறது பொய்யா பாப்பா?"

"பொய்தாம்மா. கழட்டிடு."

அம்மா நாற்காலி போட்டு ஏறிச் சட்டத்தை இறக்கினாள். பின்பக்க ஆணிகளைக் கத்தியால் நெம்பி, பத்திரிகைத் துண்டை வெளியே எடுத்தாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தாள் அவள். அம்மா அதை மேசையில் விரித்து, ராட்சசனையும் தேக்கரண்டியையும் மலையையும் பின்னால் போகும்படி ஓரம் பார்த்து மடித்தாள். நகத்தால் மடிப்பை அழுத்தித் தேய்த்தாள். முகம் மட்டும் மேலே நின்றது. மறுபடி சட்டத்துக்குள் வைத்து மாட்டினாள்.

"மூஞ்சி நல்லா விழுந்திருக்கு," என்றாள். "அது என்ன தப்பு பண்ணுச்சு?"